முதலில் மூடும் கதவு

சங்கு ஊத வேண்டிய சமயத்தில் ஊதவில்லை.

அதனால்தான் ரத்தினசாமி என்ற சுமைத் தொழிலாளி ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடக்கிறார். அதனால்தான் வாமன், ஹெப்பாள் தொழிற்பேட்டையின் கடைக்கோடியில் இருந்த அந்தப் பழக் கிடங்கின் வாசலில் ஸ்கூட்டரின் பின் சீட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். அவர் ஸ்கூட்டரை விட்டு இறங்குவது ஏணியை மடக்கி எடுப்பது போலிருக்கும்.

"உங்களுக்கு வாமன்னு பேரு வெச்சவிங்க உங்களப் பாக்காமயே வெச்சுட்டாங்களாட்டங்குது சார்," என்றாள் காவேரி, ஸ்டாண்டை உதைத்தபடி. கொள்ளேகால் பெண். வாமனின் உதவியாளர், ஓட்டுநர், வேண்டாத நேரத்தில் வாய்.

"பிறந்தப்ப குள்ளமாத்தான் இருந்தேன்."

கிடங்குக்கு ஜன்னல்களே இல்லை. நீளமான சாம்பல் நிறச் சுவர். சுவரோரம் பனி பூத்த ஒரு ராட்சத உருளை நின்று மெல்லப் புகைந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய குழாய்கள் பாம்புக் கூட்டம் மாதிரி சுவருக்குள் நுழைந்து மறைந்தன.

"நைட்ரஜன்," என்றார் முதலாளி உதயகுமார், எதிர்கொண்டு வந்து. வெள்ளைச் சட்டை, சென்ட் வாசனை. வெயில் படாமல் வழுக்கையின் மேல் ஒரு கைக்குட்டை. காரைக்கூட மரத்தடியில் நிறுத்தி, மேலே துணி போர்த்தியிருந்தார். "அறைக்குள்ளே நைட்ரஜனை அனுப்பி பிராணவாயுவைக் குறைச்சுடுவோம். ஆப்பிள் மாசக்கணக்கா தூங்கும். கெடவே கெடாது."

"ஆள் போனா?"

"ஆளும் தூங்குவான்." சொன்ன பிறகுதான் வார்த்தையின் எடை தெரிந்தது போல உதட்டைத் துடைத்துக்கொண்டார். "ஆளை விடறதுக்கு முன்னாடி நைட்ரஜனை நிறுத்தி நல்ல காத்தை நிரப்புவோம். ஆனா கசிஞ்சாத் தெரியாது. வாசனை கிடையாது, புகை கிடையாது, இருமல் வராது. அதனாலதான் ரூமுக்கு ரூம் சென்சார். பிராணவாயு குறைஞ்சா சென்சார் சர்வருக்குச் செய்தி அனுப்பும், சர்வர் சங்கு ஊதும். அந்த சர்வரைத்தான் சார் அந்தப் பொண்ணு கவுத்துட்டா."

அந்தப் பொண்ணு, அஷ்வினி. எச்சரிக்கை சாப்ட்வேரை எழுதியவள். உதயகுமாரோடு ஏதோ வாய்த் தகராறு. அதற்கடுத்த வாரம் ஒரு விஷச் செய்தி சர்வருக்கு வந்தது. சர்வர் செத்தது. அதே வேளையில் நான்காம் அறையில் ரத்தினசாமி விழுந்தார். போலீஸ் அப்படித்தான் எழுதியிருந்தது. மதியம் இன்ஸ்பெக்டர் வந்து அவளை அழைத்துப் போகப்போகிறார்.

"உங்களை அனுப்பின இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அதையே எழுதிடுங்க. வேலை சுலபம்," என்றார் உதயகுமார்.

"சுலபமான வேலைன்னா சாருக்கு அலர்ஜிங்," என்றாள் காவேரி. "ஒடம்பெல்லாம் தடிச்சுப் போகும்."

"ரத்தினசாமி விழுந்த இடத்தைப் பார்க்கலாமா?" என்றார் வாமன்.

ஆபீஸிலிருந்து அறைகளுக்கு ஒரு நீண்ட நடை இருந்தது. இரும்புக் கதவு திறந்தே கிடந்தது; உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று. உதயகுமார் அதன் பக்கம் திரும்பவில்லை. வெளியே இறங்கி, தகர ஷெட்டைச் சுற்றி, லாரிகளைச் சுற்றி, கொதிக்கும் முற்றத்தைக் கடந்து நடந்தார். கைக்குட்டை நனைந்துவிட்டது.

"நேராப் போனா நாலு எட்டு," காவேரி வாமனின் காதருகே எட்ட முடியாமல் முழங்கையருகே முணுமுணுத்தாள். "நம்மளக் கிரிவலம் கூட்டிட்டுப் போறாருங் இவரு."

"உள்ளே லோடிங் நடக்குது. இடைஞ்சலா இருக்கும்," என்றார் உதயகுமார் திரும்பாமலே.

நான்காம் அறை நடையின் மறுகோடியில், முற்றத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் போலீஸ் ஒட்டிய பட்டை. தரையில் சாக்பீஸில் வரைந்த மனித உருவம், வாசற்படிக்குக் குறுக்கே.

வாமன் குனிந்தார். அவர் குனிய நேரம் பிடிக்கும்.

"தலை எந்தப் பக்கம் இருந்தது?"

"உள்பக்கம். கால் வெளியே."

"குப்புறவா?"

"ஆமா. ஏன்?"

"உள்ளே மூச்சு முட்டினவன் வெளியே ஓடி வருவான். தலை வாசலுக்கு வெளியே இருக்கும். இவர் தலை உள்ளே இருக்கு. இவர் இந்த அறைக்கு வந்துட்டிருந்தார். போயிட்டிருக்கலை."

உதயகுமார் கைபேசி அடிக்காமலே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

அப்போது நடைக்குள் போக ஒரு கூட்டம் வந்தது. சேலைக்கு மேல் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய், தள்ளுவண்டிகள். முன்னால் வந்தவள் சித்தம்மா. சுமை ஆட்களின் மேஸ்திரி. காவேரியின் பேச்சைக் கேட்டதும் நின்றுவிட்டாள்.

"எந்தூரு அம்மிணி?"

"கொள்ளேகாலுங்க. நீங்க?"

"ஹனூரு. இந்த மனுசன் உன்ற ஊட்டுக்காரரா?"

"சாமி சத்தியமா இல்லீங். நானு சம்பளத்துக்கு."

"அதான பாத்தேன். நிலைக்கதவுல இடிக்குமே தலை." சித்தம்மா சிரித்தாள். "ஆயுத பூஜைக்கு ஆப்பிளு போயாகணும்னு மொதலாளி குதிக்கறாரு. அஞ்சாம் ரூமுச் சரக்கு முச்சூடும் இன்னிக்கே எறக்கோணும்."

"சங்கு சரியாயிருச்சாங்க?"

"பச்ச வெளக்கு எரியுதில்ல? எரிஞ்சா சரின்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்களுக்கும் ஒரு முறை இருக்குது அம்மிணி. ஒரு ரூமுக்கு மூணு கதவு. போறப்ப மூணையும் தொறந்தே போட்டுட்டுப் போவோம். வர்றப்ப கடேசி ஆளு ஒண்ணொண்ணா சாத்திக்கிட்டு வரோணும். கெட்ட காத்து பொறத்தாலயே வந்துறக் கூடாதுல்ல? அந்தக் கடேசி ஆளு எப்பவும் நான்தான்."

வண்டிகள் உருண்டன. மூன்று கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் மோதித் திறக்கும் ஓசை கேட்டது. டங். டங். கடைசியாக, ரொம்ப தூரத்தில், டங்.

*

சர்வர் அறைக்கும் அந்த நடைக்கும் நடுவே ஒரே சுவர். அறை மூலையில் ஒரு நாற்காலியில் அஷ்வினி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய லேப்டாப். சர்வர் மேஜைக்கு முன்னால் ஒரு காவலாளி. அவள் அந்தக் கீபோர்டைத் தொடக்கூடாது என்று முதலாளி உத்தரவு.

மேஜைமேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னைக் கூட்டிட்டுப் போகட்டும் சார்," என்றாள் அவள், வாமன் யாரென்று கேட்டுக்கொண்ட உடனே. "ஆனா ஆளுங்களை உள்ளே விட வேண்டாம்னு சொல்லுங்க. யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. பச்சை எரிஞ்சா சர்வர் முழிச்சிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். சங்கு ஊதும்னு அர்த்தமில்ல."

"அந்த விஷச் செய்தி?"

"இதோ, காப்பி இருக்கு. ஆனா திறக்க முடியாது." திரையைக் காட்டினாள். இடமிருந்து வலமாக அடைப்புக்குறிகளின் காடு. "ஒரே ஒரு செய்திதான் சார். உறைக்குள்ள உறை, அதுக்குள்ள உறை. கம்ப்யூட்டர் ஒரு உறையைப் பிரிச்சா, உள்ளே இருக்கறதை முழுசாப் பாத்து முடிக்கற வரைக்கும் வெளி உறையைக் கீழே வைக்க முடியாது. கையிலயே புடிச்சுக்கணும். அடுத்ததையும் புடிச்சுக்கணும். ஆயிரக்கணக்குல வந்தா கை பத்தாது. மெமரி ரொம்பி, விழுந்துடும். போலீஸோட லேப்டாப்பும் விழுந்துச்சு. உள்ளே வெறும் குப்பைன்னு எழுதிட்டாங்க."

"விழறப்ப தனியா விழுதா?"

"இல்லை. மத்த எல்லா ரூமோட எச்சரிக்கையையும் சேத்து இழுத்துட்டு விழும்."

காவேரி திரையை எட்டிப் பார்த்தாள். "எங்க பெரியம்மா நகைய ஒளிச்சு வெக்கற மாதிரி இருக்குதுங். சேலைக்குள்ள பை, பைக்குள்ள டப்பா, டப்பாக்குள்ள துணி. கடேசீல நகை எங்கன்னு அவிங்களுக்கே தெரியாது."

"இப்படி ஒண்ணு வந்தா என்ன ஆகும்னு நீ யோசிக்கலையா?" வாமன் கேட்டார்.

அஷ்வினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதன்முறையாகக் குரலில் சூடு. "யோசிக்காம இருப்பேனா? ரெண்டு வேலி போட்டிருந்தேன் சார். பதினாறு உறைக்கு மேல ஆழமா இருந்தா பிரிக்காதே, தூக்கிப் போடு, பெரிய சங்கை ஊது. ஒரே செய்தி அளவுக்கு மீறி மெமரி கேட்டாலும் அதேதான். அந்தப் பெரிய சங்குக்கு சர்வர்லேர்ந்து நேரா ஒரு ஒயர். நடுவுல யார் அனுமதியும் வேண்டாம்."

"வேலி இருந்துமா சர்வர் செத்தது?"

"ரெண்டையும் யாரோ எடுத்துட்டாங்க. என் பேர்லயே உள்ளே வந்து. பாஸ்வேர்டை முதலாளி கேட்டார், கொடுத்தேன். அதுதான் எங்களுக்குத் தகராறே. 'என் வேலியில கை வைக்காதீங்க'ன்னேன்."

"அதை மிரட்டல்னு மாத்திட்டாரு மனுசன்," என்றாள் காவேரி.

வாமன் சுவரில் காதை வைத்தார். மறுபுறம் நடை. தள்ளுவண்டிச் சக்கரங்களின் கரகரப்பு எங்கோ ஆழத்தில் கேட்டு, தேய்ந்தது.

"காவேரி. சித்தம்மா மூணு கதவைத் திறந்துட்டுப் போயிருக்காங்க. திரும்பி வரும்போது எந்தக் கதவு சாத்தற சத்தம் முதல்ல கேக்கும்?"

"இதென்ன கேள்விங்? கடேசியா உள்ளாற இருக்கற கதவுதான். அங்கிருந்துதான திரும்புவாங்க?"

"அஷ்வினி, இதைப் பிரிக்காதே."

"என்ன சார்?"

"ஒரு உறையையும் பிரிக்க வேண்டாம். கையில எதையும் புடிச்சுக்க வேண்டாம். தெருவுல பேனர் படிக்கற மாதிரி முதல் எழுத்துலேர்ந்து சும்மா பாத்துட்டே போ. திறக்கற குறி வந்தா தாண்டு. இன்னொண்ணு வந்தா தாண்டு. முதன்முதலா ஒரு மூடற குறி எங்கே வருதோ, அங்கே நில்லு."

அவள் விரல்கள் கீபோர்டின் மேல் அப்படியே நின்றன.

"முதல்ல மூடறதுதான்... ரொம்ப உள்ளே இருக்கறது," என்றாள் மெல்ல. "அய்யோ. இவ்வளவு நாளா எல்லாரும் பிரிக்கவே பாத்தோம்."

ஒரே வரியில் ஒரு தேடல். லேப்டாப் விழவில்லை. மூச்சுகூட வாங்கவில்லை. அடைப்புக்குறிக் காடு சரசரவென்று நகர்ந்து, ஓரிடத்தில் சட்டென்று நின்றது.

குப்பை இல்லை. நாலைந்து சொற்கள். அஷ்வினி அதைத் தமிழில் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அறை ஐந்து. பிராணவாயு அபாய அளவுக்குக் கீழே. சங்கு ஊதவும்."

"தேதி?"

"ரத்தினசாமி விழறதுக்கு முந்தின நாள்."

அறையில் பச்சை விளக்கு மட்டும் நிம்மதியாக எரிந்தது.

"அஞ்சா?" என்றாள் காவேரி. "அவரு விழுந்தது நாலுலங்க."

"விழுந்தது நாலு வாசல்ல. தலை உள்பக்கமா. ஐந்துலேர்ந்து தள்ளாடி வந்து அங்கே சாய்ஞ்சிருக்கார்," என்றார் வாமன். "இதுக்கு அடுத்த உறை என்ன சொல்லுது?"

"சங்குப் பெட்டியோட பதில். 'ஏற்கப்படவில்லை. காரணம், ஐந்தாம் அறைக்கு மௌனச் சாவி போடப்பட்டுள்ளது.'"

"மௌனச் சாவின்னா?"

"ரிப்பேர் சமயத்துல ஒரு ரூமோட சங்கை மட்டும் வாயடைக்கற சாவி. பெட்டி முதலாளி ரூம்ல இருக்கு. சாவி அவர்கிட்ட."

"அடுத்தது?"

"சென்சார் மறுபடியும் அனுப்பியிருக்கு." அவள் படித்தாள். "'நினைவூட்டல். எமது முந்தைய கடிதமும் தங்கள் பதிலும் இணைக்கப்பட்டுள்ளன. தக்க நடவடிக்கை கோரப்படுகிறது.' அப்புறம் மறுபடி 'ஏற்கப்படவில்லை.' மறுபடி நினைவூட்டல். முந்தின எல்லாத்தையும் சேத்து இணைச்சு. மறுபடி, மறுபடி..."

"மிஷின் ஏன் தாலுகா ஆபீஸ் மாதிரிப் பேசுதுங்?" என்றாள் காவேரி.

"ஏன்னா பேச்சு நான் எழுதிக் கொடுத்தது," என்றது வாசலில் ஒரு குரல்.

கையில் ஃபில்டர் காபித் தட்டோடு நின்றவர் நரசிம்மமூர்த்தி. கிடங்கின் நிர்வாக மேலாளர். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் பளிச்சென்று திருமண். குரலில் கொஞ்சம் பெருமை.

"முந்தின கடிதத்தை இணைக்காம நினைவூட்டல் போகப்படாது சார். அது முறை இல்லை. மேலதிகாரி எடுத்தா முழு விஷயமும் ஒரே கட்டுல கையில இருக்கணும். மனுஷாளுக்கு ஒரு முறை, மிஷினுக்கு ஒரு முறையா?"

"நான் வேண்டாம்னு சொன்னேன்," என்றாள் அஷ்வினி. "கேக்கலை. அதனாலதான் பதினாறுல வேலி போட்டேன்."

"அந்தப் பதினாறை எடுத்தது யார்?" வாமன் காபியை வாங்கிக்கொள்ளவில்லை.

நரசிம்மமூர்த்தி தட்டை மேஜைமேல் வைத்தார்.

"பெரிய சங்கு ரெண்டு மூணு தரம் தானா ஊதிடுத்து சார். ஊதினா எல்லாரும் வெளியில ஓடிடறா. லோடிங் நின்னு போறது. முதலாளி கத்தினார். 'அந்த நம்பரை எடுய்யா'ன்னார். நான்... எவ்வளவு ஒன்பது போடலாமோ அவ்வளவு போட்டேன். மெமரி இடத்துக்கு ஒரு அளவு இருந்தது, அதையும் எடுத்துட்டேன். கட்டு பெரிசானா என்ன, அலமாரி பெரிசாத்தானே இருக்குன்னு நினைச்சேன்."

"அது ஏன் தானா ஊதினதுன்னு கேக்கலையா?"

அவர் தட்டில் டம்ளர்களை வரிசையாக நகர்த்தி வைத்தார்.

"சங்குக்கே ரிமைண்டர் அனுப்பிக் கொன்னுட்டீங்களே சாமி," என்றாள் காவேரி. வழக்கமான கிண்டல்தான். ஆனால் பாதியிலேயே அவள் முகம் மாறியது. சுவரை நோக்கித் திரும்பினாள்.

"சார்."

"என்ன?"

"அஞ்சாம் ரூமுல மூணு கதவு தொறந்த சத்தம் கேட்டுதுங்."

"ஆமா."

"சாத்துன சத்தம் ஒண்ணுகூடக் கேக்கலீங்."

எல்லாருடைய காதும் சுவரில் இருந்தது. சக்கரச் சத்தம் இல்லை. பேச்சுச் சத்தம் இல்லை. மறுபக்கம் பஞ்சு அடைத்தது மாதிரி ஒரு அமைதி.

அஷ்வினி துள்ளி எழுந்து சர்வர் திரையைப் பார்த்தாள். "இப்பவும் வந்துட்டிருக்கு சார்! ஐந்தாம் ரூம். சர்வரைத் திருப்பி எழுப்பினதிலேர்ந்து புதுசா ஆரம்பிச்சிருக்கு. நினைவூட்டல், ஏற்கப்படவில்லை, நினைவூட்டல்... ஏற்கெனவே பதினாறைத் தாண்டிப் போயிடுச்சு!"

"காவேரி, ஓடு! நடை வாசல்ல நின்னு கத்து. உள்ளே மட்டும் காலை வைக்காதே. வச்சே, உன்னைத் தூக்க இன்னொரு ஆள் போகணும்!"

காவேரி பறந்துவிட்டாள்.

"சாவியை வாங்கிண்டு வரட்டுமா?" நரசிம்மமூர்த்தியின் திருமண் வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது.

"அவர் எந்தப் பக்கம் போனாருன்னு தேடி, கேட்டு, வாதாடி... நேரம் இல்லை. அஷ்வினி, உன் வேலியைத் திரும்பப் போடு."

"முட்டபேடி மேடம்!" காவலாளி கையை நீட்டி மறித்தான். தொடாதே என்கிறான். வாமன் தன் நீண்ட கையை அவனுக்கும் மேஜைக்கும் நடுவே ரயில்வே கேட் மாதிரி இறக்கினார்.

"நான் தொடச் சொன்னேன்னு உங்க முதலாளிகிட்ட சொல்லுப்பா. தொடு, அஷ்வினி."

அவள் ஒன்பதுகளின் வரிசையை அழித்தாள். ஒன்று. ஆறு. எண்டர்.

ஒன்றும் நடக்கவில்லை.

"ஸ்வல்ப பொறுங்க... அடுத்த நினைவூட்டல் வரணும். வந்தாத்தான் அளந்து பாக்கும்," என்றாள். "வா. வந்து தொலை."

சுவருக்கு அப்பால் காவேரியின் குரல். "சித்தம்மக்கா! அக்கோவ்! வெளிய வாங்க!" எதிர்க்குரல் இல்லை.

திரையில் ஒரு வரி குதித்தது. நினைவூட்டல். சர்வர் முதல் உறையைத் தொட்டது, இரண்டாவதைத் தொட்டது, பதினாறைத் தொட்டது, பதினேழை வாசலிலேயே நிறுத்தித் தூக்கி எறிந்தது.

சங்கு ஊதியது.

ஜன்னல் இல்லாத அந்தக் கட்டடம் முழுக்க ஒரு மிருகம் விழித்துக்கொண்டு கத்துவது போல ஊதியது. காபி டம்ளர்கள் நடுங்கின. மரத்தடியில் இருந்த காக்கைகள் சிதறின. மௌனச் சாவியை அது கேட்கவில்லை. யாரையும் கேட்கவில்லை.

வாமன் ஆபீஸ் பக்கத்து நடை வாசலுக்கு ஓடினார். நடைக்குள்ளிருந்து ஒருவர், அப்புறம் இருவர், அப்புறம் கும்பலாக, ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு, குடித்தவர்கள் மாதிரி கால் பின்ன வந்தார்கள். வெயிலில் வந்து விழுந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்தார்கள்.

சித்தம்மா இல்லை.

"கடேசி ஆளு அவிங்க சார்," என்றாள் காவேரி. அவள் கன்னம் நனைந்திருந்தது. "அவிங்கதான் கடேசி ஆளு."

டங்.

தூரத்தில், அடி ஆழத்தில். முதல் கதவு.

"உள் கதவு," என்றார் வாமன். "அங்கேயிருந்து திரும்பிட்டாங்க."

சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. காவேரி வாமனின் சட்டையைப் பிடித்திருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

டங்.

இரண்டாவது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. காவேரி ஒரு எட்டு முன்னால் வைத்தாள். வாமன் அவள் தோளை இறுகப் பிடித்தார். நடையின் இருட்டில் ஏதோ உராயும் ஓசை. ஒரு குரங்குக் குல்லாய் தெரிந்தது. சுவரோடு சுவராக, கையால் தடவித் தடவி ஒரு உருவம் வந்தது. நின்றது. திரும்பியது. இரண்டு கையாலும் மூன்றாவது கதவைத் தள்ளியது.

டங்.

சாத்திவிட்டுத்தான் சித்தம்மா விழுந்தாள். காவேரி பாய்ந்து தாங்கிக்கொண்டாள்.

"தூக்கம் தூக்கமா வந்துச்சு அம்மிணி," என்றாள் சித்தம்மா, வெயிலில் கிடத்தியதும் கண்ணை இடுக்கி. "எல்லாரும் ஒரு பொட்டிமேல ஒக்காந்தோம். சொகமா இருந்துச்சு. இந்தப் பாழாப்போன சங்கு எழுப்பி உட்ருச்சு." பிறகு தலைக்கு மேலே நின்ற வாமனைப் பார்த்து, "மரமாட்டம் நிக்காம நவுந்துக்கச் சொல்லு. காத்து வரட்டும்," என்றாள்.

"இவிங்களுக்கு ஒண்ணும் ஆகலீங் சார்," என்றாள் காவேரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

*

உதயகுமார் ஆபீஸ் படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "யாரு சங்கை ஊதினது? ஆயுத பூஜைச் சரக்கு! லாரி நிக்குது! அந்தப் பொண்ணு கை வெச்சுட்டாளா?"

"வெச்சா. நான் சொல்லித்தான்," என்றார் வாமன். "உங்க ஐந்தாம் அறைக் குழாய் கசியுது. சென்சார் அதைச் சொல்லுச்சு. திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. நீங்க அதோட வாயை அடைச்சீங்க. அது கதறின கதறல்தான் சர்வரைக் கொன்ன விஷச் செய்தி. யாரும் அனுப்பலை. உங்க கட்டடமே உங்களுக்கு எழுதின நினைவூட்டல் அது. மௌனச் சாவி உங்க பையிலதானே இருக்கு?"

உதயகுமாரின் கை தானாகச் சட்டைப் பையை மூடியது. உடனே எடுத்துவிட்டார்.

"சார், அந்த அஞ்சாம் நம்பர் சென்சார் பொய் சொல்லும் சார்! வாங்கினதிலேர்ந்தே சும்மா சும்மா கத்தும். சத்தியமா நான் அதை நம்பவே இல்லை. நம்பியிருந்தா ஆளுங்களை உள்ளே விடுவேனா? நீங்களே சொல்லுங்க!"

நரசிம்மமூர்த்தி தலை குனிந்தார். அஷ்வினி வாமனைப் பார்த்தாள். நம்பவில்லை என்று ஒரு முதலாளி சொன்னால், இல்லை நம்பினாய் என்று யார் நிரூபிப்பது?

"நம்பலை," என்றார் வாமன்.

"நம்பலை சார்."

"வெயிலே ஆகாது உங்களுக்கு. காருக்குக்கூட நிழல் தேடறவர். காலையில நாலாம் அறைக்கு நேர் வழி அந்த நடைதான். நாலே எட்டு. ஐந்தாம் அறை வாசலைத் தாண்டிப் போகும்." வாமன் சற்றே குனிந்தார், அவர் கண்ணுக்கு நேராக. "அப்புறம் ஏன் சார் எங்களை முற்றம் முழுக்கச் சுத்திக் கூட்டிட்டுப் போனீங்க?"

உதயகுமார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு லாரிகள் பக்கம் பார்த்தார்.

சங்கு ஓய்ந்திருந்தது. நடையின் மறுகோடியில், முற்றத்துப் பக்கம், போலீஸ் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர். யாரையோ அழைத்துப் போக வந்திருக்கிறார்.

"வாங்க, அவரைப் பாத்துடலாம்," என்றார் வாமன். நடைக்குள் கையைக் காட்டினார். "கதவு மூணும் சாத்தியாச்சு. இப்ப பயமில்லை. நேர் வழியிலேயே போகலாம்."

எல்லாரும் உதயகுமாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படுத்திருந்த சித்தம்மாகூட முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்தாள்.

உதயகுமார் நடையின் இருட்டைப் பார்த்தார். நனைந்த கைக்குட்டையை எடுத்து வழுக்கையின் மேல் போட்டுக்கொண்டார். படியிறங்கி, வெயில் பக்கமாகத் திரும்பி நடக்கத் தொடங்கினார்.